டிராக்டர் பேக்ஹோவில் ஆயில் ஒழுகலும் தண்ணீர்க் கலப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராக்டரின் பின்னால் பேக்ஹோ (குழி தோண்டும் ஹைட்ராலிக் கை) மாட்டி ஓட்டுபவர்களுக்கும், ஊரில் நாம் பொதுவாக ஜேசிபி என்று சொல்லும் பேக்ஹோ லோடர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். ஒழுகலை ஒரு தொல்லையாகவும் தண்ணீரை இன்னொரு தொல்லையாகவும் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் இரண்டுக்கும் வழி ஒன்றே. தேய்ந்த சீல், கிழிந்த பூட் (லீவரை மூடும் ரப்பர் உறை), சரியாக உட்காராத மூடி என்று ஆயில் வெளியே வரும் இடமெல்லாம் தண்ணீர் உள்ளே போகும் இடமும்தான். அந்த வழியை அடைக்காமல் புது ஆயில் ஊற்றினால் காசுதான் வீண்.

ஹைட்ராலிக் டேங்க் கண்ணாடியில் ஆயில் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரா, காற்றா?

வண்டியை நிறுத்திய உடனே ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து ஓரமாக வையுங்கள். காற்று என்றால் குமிழிகள் மேலே ஏறிவிடும். அடியிலிருந்து தெளிய ஆரம்பித்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீர் என்றால் பால் ஊற்றின டீ மாதிரி அப்படியே இருக்கும், இல்லையென்றால் ராத்திரி முழுக்க விட்டபின் அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கும்.

சந்தேகம் தீரவில்லையா? பழைய இரும்புத் தகடு ஒன்றை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அதில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் பயமில்லை. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு அடுப்பில் இதைச் செய்யாதீர்கள். ஏறத்தாழ 0.1 சதவீதம் தண்ணீர் இருந்தாலே இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். 100 லிட்டர் ஆயிலில் அது 100 மில்லி, அதாவது ஒரு டீ கிளாஸ் தண்ணீர்.

இன்னொன்று. சூடான ஆயில் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், ஆறினால் வெளியே தள்ளும். மத்தியானம் பளிச்சென்று இருந்த ஆயில் மறுநாள் காலையில் மங்கலாக இருப்பது அதனால்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்ப்பதே சரியான பார்வை.

மழையில் வண்டி வேலையே செய்யவில்லை. பிறகு எப்படித் தண்ணீர் போனது?

டேங்க் மூச்சு விடுகிறது. உட்குறுக்கு 100 மில்லிமீட்டர், ராடு 60 மில்லிமீட்டர், ஓட்டம் ஒரு மீட்டர் உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ராடு முழுக்க வெளியே வரும்போது அது விட்டுப்போன இடத்தை நிரப்ப டேங்கிலிருந்து கிட்டத்தட்ட 2.8 லிட்டர் ஆயில் கூடுதலாகப் போகும். டேங்கில் மட்டம் அந்த அளவுக்கு இறங்கும், அதே அளவு வெளிக்காற்று பிரீதர் வழியாக உள்ளே வரும். ராடு உள்ளே போகும்போது காற்று வெளியே போகும். நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பிரீதர் ஃபில்டர் இல்லாமல், அல்லது துணி சுற்றி ஓட்டினால் உள்ளே போவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் டேங்க் ஆறும்போது உட்சுவரில் வியர்க்கும், அந்த நீரும் அடியில் போய்ச் சேரும்.

அதற்கடுத்தது தண்ணீர் சர்வீஸ். பிரஷர் கன்னை நேராக டேங்க் மூடியிலும் ராடு சீலிலும் காட்டுவது நம் ஊர் வழக்கம். மழை செய்யாததை அந்தக் கன் செய்துவிடும். மூடியின் கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

டிராக்டராக இருந்தால் முதலில் கியர் லீவரின் ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் அந்த ரப்பர் வருடக்கணக்கில் காய்ந்து மடிப்பில் கிழிந்திருக்கும். கிழிசல் மேலே தெரியாது, மடிப்பை விரித்தால்தான் தெரியும். மழைத் தண்ணீர் லீவர் வழியாக வழிந்து நேராக கியர்பாக்ஸில் இறங்கும். விலை குறைந்த ஒரு ரப்பர் துண்டுக்காக மொத்த ஆயிலும் போன வண்டிகள் நிறைய. டிப்ஸ்டிக்கை முழுதாக அழுத்தி வைக்காமல் விடுவதும் இதே கணக்குதான்.

அப்புறம் ராடு. மண் துடைக்கும் வைப்பர் சீல் கிழிந்திருந்தால், ஈர ராடு உள்ளே போகும்போதெல்லாம் மெல்லிய நீர்ப்படலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கால்வாயில், கண்மாயில் பக்கெட்டைத் தண்ணீருக்குள் விட்டு வேலை செய்பவர்கள் இதை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

எங்கள் டிராக்டரில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயிலா?

பல டிராக்டர்களில் ஆம். கியர், டிஃபரன்ஷியல், பின் லிஃப்ட் எல்லாம் ஒரே சம்ப்பில் (அடித்தொட்டியில்) இருக்கும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் தட்டுகளும் அதே ஆயிலில்தான். பேக்ஹோவுக்குத் தனி டேங்கும் பிடிஓ-வில் (டிராக்டரின் பின்பக்கச் சுழல் தண்டில்) ஓடும் தனி பம்பும் இருந்தால் அது வேறு சுற்று. டிராக்டர் ஹைட்ராலிக்கிலிருந்தே லைன் எடுத்திருந்தால் எல்லாம் ஒன்றுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், நெல் வயலில் சேற்றுழவு அடித்த வண்டியே கோடையில் குழி தோண்டவும் போகிறது. சேற்றில் அச்சு சீல் வழியாகப் போன தண்ணீர் பொதுச் சம்ப்பில் நிற்கும். அந்த ஆயிலைத்தான் பேக்ஹோவும் இழுக்கும். சேற்றுழவு முடிந்ததும் அடி பிளக்கை லேசாகத் தளர்த்தி முதலில் வருவது தண்ணீரா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இந்த வகை வண்டிகளுக்கான யூடிடிஓ ஆயில் (கியர், ஹைட்ராலிக், பிரேக் எல்லாவற்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயில்), தண்ணீரைத் தன்னோடு கலந்தே வைத்திருக்கும் தன்மை உள்ளது. அடியில் தண்ணீர் பிரியவில்லை என்பதற்காகத் தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள். நிறத்தையும் பாருங்கள்.

வெள்ளையாகிவிட்ட ஆயிலோடு இந்த சீசனை மட்டும் ஓட்டிவிடலாமா?

ஓட்டலாம், பம்ப் விலை கையில் இருந்தால். தண்ணீர் வழவழப்பு தராது. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஆவியாகிக் குமிழியாகி, அழுத்தம் ஏறும் இடத்தில் வெடித்து உலோகத்தை அரிக்கும். ஆயிலில் உள்ள தேய்மானத் தடுப்பு மருந்துகளைக் கெடுக்கும். காகித ஃபில்டர் ஈரத்தில் ஊறி அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, ஆயில் வடிகட்டாமலே போகும். எல்லாவற்றையும்விட மோசம், வேலை இல்லாமல் நிறுத்தி வைக்கும் நாட்கள். கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் தண்டில் துரு பிடிப்பது அப்போதுதான். சீசன் முடிந்து இரண்டு மாதம் கழித்து எடுக்கும்போது லீவர் இறுக்கமாக இருக்கிறது என்பார்கள்.

ஆயில் மாற்றினேன், ஒரே வாரத்தில் மறுபடி வெள்ளை. ஆயிலே டூப்ளிகேட்டா?

ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் கணக்குப் பாருங்கள். டேங்க் பிளக்கைத் திறந்தால் டேங்கில் உள்ளது மட்டும்தான் வரும். சிலிண்டர்கள், ஹோஸ்கள், வால்வு, கூலர் இவற்றில் இருப்பது உள்ளேயே நிற்கும். பாதி ஆயில் இப்படித் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 2 சதவீதத் தண்ணீர் ஒருமுறை மாற்றினால் 1 சதவீதம், இரண்டாம் முறை 0.5, மூன்றாம் முறை 0.25. தண்ணீர் போன வழி அடைபடாமல் இருந்தால் இதுகூட இறங்காது.

செலவைக் குறைக்க வழி இதுதான். முதலில் பூட், மூடி, பிரீதர், வைப்பர் சீல் எல்லாவற்றையும் சரி செய்யுங்கள். பிறகு வண்டியை ராத்திரி முழுக்க ஆற விட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், அடி பிளக்கை மெல்லத் தளர்த்திப் பிரிந்து நிற்கும் தண்ணீரை வெளியே விடுங்கள். மறுபடி இறுக்கி, எல்லா சிலிண்டர்களையும் முடிந்தவரை உள்ளே இழுத்து வைத்து, பக்கெட்டும் பூமும் (பேக்ஹோவின் பெரிய கை) தரையில் படுத்த நிலையில் டேங்க்கை முழுக்க வடியுங்கள். டேங்கின் அடியைக் கையால் துடைக்க முடிந்தால் துடையுங்கள், பஞ்சு உதிராத துணியால். ஃபில்டரையும் உறிஞ்சு வலையையும் கழற்றுங்கள்.

அதே வகையில் விலை குறைந்த, ஆனால் புதிய ஆயிலைக் குறைந்தபட்ச மட்டத்துக்கு ஊற்றி, என்ஜினை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் முழு நீளத்துக்குப் பலமுறை இயக்குங்கள். தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால்களையும் பூமை இடவலம் திருப்பும் ஸ்விங்கையும் மறந்துவிடாதீர்கள், தண்ணீர் அதிகம் தங்குவது அங்கேதான். ஆயில் சூடானதும் உடனே வடித்துவிடுங்கள். அதன் பிறகுதான் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும். 50 மணி நேரம் ஓடியதும் அந்த ஃபில்டரை இன்னொரு முறை மாற்றினால் மனசு நிம்மதி.

ஆயிலைச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சித் தண்ணீரைப் போக்கலாம் என்று ஒரு யோசனை ஊரில் உண்டு. ஆயிலும் கெடும், பொங்கித் தீயும் பிடிக்கும். வேண்டாம்.

டீசல் ஊற்றி ஃப்ளஷ் பண்ணலாமா?

கூடாது. டீசலில் பம்ப்பை ஓட்டுவது பம்ப்பைத் தேய்ப்பதுதான். போதாததற்கு, சிலிண்டருக்குள் தங்கும் டீசல் புது ஆயிலையும் மெலிதாக்கும்.

வெள்ளையாக இருக்கிறது, ஆனால் ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறதே?

அப்படியானால் மழைத் தண்ணீரைத் தேட வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும் மாடல்களில், அந்தக் குழாய் அரித்துப்போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள், என்ஜின் நன்றாக ஆறியபின். கூலன்ட் கலந்த ஆயில் வெறும் தண்ணீர் கலந்ததைவிட மோசம். கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப் பசையையே பிரித்துவிடும். ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்புங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு.

கழுவாமல் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். ஆயில் இறங்கும், ஓடும் வண்டியில் காற்றில் பின்னால் போகும், அதில் மண் ஒட்டும். சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் தோண்டிவிட்டு, நிறுத்திப் பாருங்கள். பவுடரில் முதல் ஈரக்கோடு எங்கே விழுகிறதோ, அதன் மேல்முனைதான் இடம்.

அதிகம் ஏமாற்றுவது பேக்ஹோ திரும்பும் அச்சுப் பக்கம். அங்கே ஹோஸ்கள் கட்டாகச் சேர்ந்து மடங்கி விரிகின்றன. ஒன்றின் மேல் இன்னொன்று உரசி ரப்பர் தேயும். பூமை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, என்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டுகளை இணைக்கும் இரும்புப் பின்னில் வழியும் கிரீஸை ஆயில் என்று நினைத்து சிலிண்டரைக் கழற்றியவர்களும் உண்டு.

ஒரு சொட்டுதானே என்று விடுபவர்களுக்கு ஒரு கணக்கு: வினாடிக்கு ஒரு சொட்டு, ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 8 மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்.

ஹோஸில் மெல்லிய புகை மாதிரி வருகிறது. கையால் தடவிப் பார்க்கலாமா?

எந்தக் காரணத்துக்கும் கூடாது. இந்த வண்டிகள் 200 பார் அளவு அழுத்தத்திலும் அதற்கு மேலும் வேலை செய்கின்றன. ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். உடனே அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், ‘அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். தள்ளி நின்று அட்டையை நீட்டுங்கள், துளை இருக்கும் இடத்தில் அட்டை நனையும். எந்த ஜாயின்டையும் கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை அணைத்து, எல்லா லீவரையும் இரண்டு பக்கமும் ஆட்டி, டேங்க் மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

ஃபிட்டிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்கவில்லை. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

கூம்பு வாய், முகத்தில் ஓ ரிங், வாஷரில் ரப்பர் ஒட்டிய டௌட்டி சீல், இந்த மூன்று வகையிலும் மரைக்கு சீல் பண்ணும் வேலையே இல்லை. மரை பிடித்து இழுக்க மட்டும்தான். டேப் சுற்றினால் கசிவு நிற்காது, கிழிந்த துணுக்கு உள்ளே போய், அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் பிரஷரே ஏறவில்லை என்று புதுக் கேள்வி வரும். கூம்பு வாயில் கீறல் இருக்கிறதா, ஓ ரிங் நசுங்கி இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். மேலும் மேலும் இறுக்கினால் கூம்பு விரிசல் விடும். ஒத்த மாதிரி தெரியும் இரண்டு வேறு மரைகளை வலுவந்தமாகச் சேர்த்திருப்பதும் அடிக்கடி பார்ப்பதுதான்.

ஹோஸை எப்போது மாற்றுவது?

கம்பி வெளியே தெரிந்தால், ரப்பர் உப்பியிருந்தால், முனையில் ஃபிட்டிங்கை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப் ஓரத்தில் ஈரம் இருந்தால் அன்றே. புதிதாக ஹோஸ் வெட்டி அடிக்கும் கடையில், வெட்டிய பின் உள்ளே ஊதித் துடைத்துத் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது விழும் ரப்பர், கம்பித் தூள் நேராக வால்வுக்குத்தான் போகும். திருச்செங்கோடு போன்ற போர்வெல் ரிக் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல கடைக்குப் பஞ்சமில்லை.

சீல் கிட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி ஒழுகுகிறது.

ராடைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை நீளவாக்கில் மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற இடம் ஒவ்வொன்றும் சீலை அறுக்கும் கத்தி. குரோம் உரிந்து துருக்குழி விழுந்த ராடில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் இதே கதிதான். சின்னக் கீறலை நுண்ணிய எண்ணெய்க் கல்லால் விளிம்பு மழுங்கத் தேய்த்து ஓட்டலாம். குழி என்றால் ராடைக் கழற்றி ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் போன்ற பட்டறை ஊர்களில் இந்த வேலை நடக்கிறது.

ராடு நன்றாக இருந்தால் அது வளைந்திருக்கிறதா, முனை மூடியில் உள்ள புஷ் தேய்ந்து ராடு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடும் ராடு சீலை ஒரு பக்கமாகத் தேய்க்கும். துரு வந்ததே தண்ணீரால்தான் என்பதையும் கவனியுங்கள். வேலை இல்லாத நாட்களில் ராடுகளை உள்ளே இழுத்தே நிறுத்துங்கள், வெளியே நிற்கும் பகுதியில் கிரீஸ் தடவுங்கள்.

வெளியே கசிவே இல்லை, ஆனால் ராத்திரி தூக்கி வைத்தது காலையில் இறங்கிக் கிடக்கிறது.

உள்கசிவு. பிஸ்டன் சீலாகவும் இருக்கலாம், கன்ட்ரோல் வால்வின் ஸ்பூலாகவும் இருக்கலாம். கடையில் பெரும்பாலும் முதலில் சீலைத்தான் மாற்றுவார்கள், சோதிக்காமல் மாற்றினால் காசு வீணாகப் போகலாம். பக்கெட் சிலிண்டரில் சோதிப்பது எளிது. பூமும் ஆர்மும் தரையில் படுத்திருக்க, பக்கெட் சிலிண்டர் ராடை முழுக்க வெளியே தள்ளி, என்ஜினை நிறுத்தி அழுத்தத்தை விடுங்கள். ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை இரும்பு பிளக்கால் மூடுங்கள். சிலிண்டர் வாயைத் திறந்து வைத்து, தள்ளி நின்று, ஒருவர் என்ஜினை மெதுவாக ஓட்டி அதே திசையில் லீவரைத் தள்ளட்டும். முதலில் கொஞ்சம் சொட்டும். தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் சீல் போச்சு. ஓடவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். பூம் சிலிண்டரில் பாரம் தொங்குவதால் அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவதே நல்லது.

ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போகிறது, எங்கும் ஒரு சொட்டுகூட இல்லை.

கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அங்கே மட்டம் ஏறியிருந்தால் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போய், ஹைட்ராலிக் ஆயில் அந்தப் பக்கம் போகிறது. பம்ப் என்ஜினோடு சேர்ந்திருக்கும் அமைப்பில் என்ஜின் ஆயில் ஏறும், அது இன்னும் ஆபத்து. சீலை மட்டும் மாற்றி அது மறுபடி பிதுங்கினால், பம்ப் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்த ஆயில் ஊற்றுவது? 46-ஆ, 68-ஆ?

வண்டி மேனுவலில் உள்ளதுதான். தனி டேங்க் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ விஜி 46 அல்லது 68 போடுகிறார்கள் (எண் கூடினால் ஆயில் கெட்டி என்று அர்த்தம்). நம் வெயிலுக்கு 68 ஒத்துவரும் என்று பலர் சொல்வார்கள், மேனுவல் அனுமதித்தால் சரி. நல்ல ஹைட்ராலிக் ஆயில் தண்ணீரைப் பிரித்து அடியில் விட்டுவிடும், வடித்து எடுக்கலாம். என்ஜின் ஆயில் தண்ணீரைக் கலக்கியே வைத்திருக்கும். குறைந்த மட்டத்துக்கு வீட்டில் இருந்த என்ஜின் ஆயிலை ஊற்றினால், அந்தப் பிரியும் குணம் கெட்டுவிடும். பொதுச் சம்ப் டிராக்டருக்கு வெறும் 68 ஊற்றினால், ஆயிலில் மூழ்கிய பிரேக் கத்த ஆரம்பிக்கும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மாதிரி மழையில் மேட்டில் நிறுத்திய வண்டியும் தப்பாது. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஹைட்ராலிக் டேங்க், டீசல் டேங்க் எல்லாவற்றின் அடி பிளக்கையும் திறந்து பார்க்காமல் சுற்ற விடாதீர்கள். ஏர் கிளீனரில் ஈரம் இருந்தால் என்ஜினை மெக்கானிக் பார்த்தபின்தான் தொட வேண்டும்.

டிரம்மில் வாங்கிய ஆயிலிலேயே தண்ணீர் இருக்குமா?

இருக்கும், வெளியே நிமிர்த்தி வைத்தால். மேல் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் டிரம் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், ராத்திரி ஆறும்போது மூடி மரை வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சும். டிரம்மைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில், உள்ளே ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகையில் தடவக் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயக் கழிவு. அனுமதி பெற்ற கழிவு ஆயில் வியாபாரியிடம் மட்டும் கொடுங்கள். தண்ணீர் கலந்ததைத் தனி டிரம்மில் வையுங்கள், சுத்தமான கழிவோடு சேர்த்தால் மொத்தத்துக்கும் விலை குறைப்பார்கள்.